காலி ஆணி

பெற்ற பிள்ளைக்கு மூச்சா போகச் சொல்லித்தரத் தெரியாதவன் என்று ரெனால்ட்டின் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பான். ஆனால் ஹெலன் அப்படிப் பேசுகிறவள் இல்லை. செத்துப்போன மனைவிக்கு அக்கா, அரக்கோணத்தில் இருக்கிறாள், இவன்மேல் ஒரு குறையும் இல்லாதவள். திங்கட்கிழமை போன் பண்ணி, குரலைக்கூட உயர்த்தாமல் சொல்லிவிட்டாள்.

“தம்பி, ஞாயித்துக்கிழம காலைல ட்ரெய்ன்ல வர்றேன். அதுக்குள்ள கெசியா ஜட்டி நனைக்காம இருக்கக் கத்துக்கிச்சுன்னா உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லன்னா நான் இட்னு போய்டுறேன். கோச்சிக்காதீங்க. பொம்பளப் புள்ள. நீங்க ஒண்டி ஆளு, வேலைக்கும் போவணும்.”

“கத்துக்கும்க்கா” என்றான்.

“கத்துக்கட்டும். நான் வேணாம்னா சொல்றேன்?”

போனை வைத்துவிட்டுப் பார்த்தான். கெசியா சமையல் மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டரை வயது. அம்மா போய் இரண்டு மாதம். இந்தக் குழந்தையும் அரக்கோணம் போய்விட்டால் அந்த வீட்டுக்குள் தான் எதற்காகப் பூட்டைத் திறந்துகொண்டு வரவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆம்பூரில் பெத்லகேம் பக்கம் ஒரு காம்பவுண்டுக்குள் வீடு. ஒரு அறை, சமையல்கட்டு, பின்னால் பாத்ரூம். ரெனால்ட்டுக்கு டேனரியில் தோலுக்குக் கலர் ஸ்பிரே அடிக்கும் வேலை. மனைவி ஃபீபி ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள். அவள் உயிரோடு இருந்தவரை கெசியா பகலெல்லாம் அந்தக் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் இருந்தாள். வேலை பார்க்கிறவள் போய்விட்டால் அவள் குழந்தைக்கு அங்கே என்ன இடம்? அதுவும் நின்றுவிட்டது. முதல் ஒரு மாதம் ஹெலன் வந்து பார்த்துக்கொண்டாள். பிறகு பக்கத்து வீட்டு தவ்ஃபீக்கின் அம்மா, “எங்கிட்ட உடுங்க தம்பி, எனக்கு இன்னா பேஜாரு” என்று தானாகவே வாங்கிக்கொண்டாள்.

அதுவரை டயபர் ஓடிக்கொண்டிருந்தது. மே மாத வெயிலில் குழந்தையின் தொடையெல்லாம் வெந்து சிவந்துபோக, டயபரை நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தின அன்றிலிருந்து பிடித்தது வினை.

அவன் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பஜாருக்குப் போய் நீலக் கலரில் ஒரு பிளாஸ்டிக் சீட் வாங்கிவந்தான். அதன் அட்டையில் இங்கிலீஷ் பேரை ‘பேபி பாட்டி’ என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஃபீபி இருந்திருந்தால் இந்தப் பாட்டியை வைத்தே ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பாள். அதை ஃபேனுக்குக் கீழே வைத்து, கெசியாவைத் தூக்கி உட்காரவைத்து, உஸ்ஸ் உஸ்ஸ் என்று வாயால் சத்தம் கொடுத்தான். குழந்தை அவன் வாயையே பார்த்துவிட்டு அவளும் உஸ்ஸ் என்றாள். பிறகு எழுந்து போய்த் தன் பொம்மையைக் கொண்டுவந்து அதில் உட்காரவைத்தாள்.

குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தான். தண்ணீர் தொட்டிதான் காலியானது. அரைமணிக்கு ஒருதரம் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே அவள் உடம்பை இறுக்கிக்கொண்டு நிற்பாள். ஒரு சொட்டு வராது. வெளியே கொண்டுவந்து விட்டால், பாத்ரூம் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, கதவு நிலையைப் பார்த்தபடி காலை மாற்றி மாற்றி வைப்பாள். கடைசியில் நின்ற இடத்திலேயே போய்விடும். போனபிறகு தலையைக் குனிந்துகொள்வாள். அந்தக் குனிவைப் பார்த்தால் அவனுக்குப் பாவமாகவும் இருக்கும், கோபமும் வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷன் என்ன செய்வான்?

இதற்கு நடுவே அவள் சொல்லும் ஒரு வார்த்தை அவனைப் பாடாய்ப் படுத்தியது. கதவு முன்னால் நின்று உள்ளங்கையை விரித்து நீட்டி, “டோக்கன்” என்பாள். அவனிடம், ஹெலனிடம், தவ்ஃபீக்கின் அம்மாவிடம், எல்லாரிடமும் கையை நீட்டியிருக்கிறாள்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். ஃபீபிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து முதல்முதலாக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூன்று பேருமாகத்தான் போனார்கள். டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிறவரை இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சீட்டைக் கெசியாதான் கையில் வைத்திருந்தாள். கிட்னியில் கிருமி, ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். “தண்ணி சரியா குடிக்க மாட்டாங்களா? யூரின் அடக்குற பழக்கம் உண்டா?” என்று டாக்டர் கேட்டார். “அதெல்லாம் இல்ல சார், நல்லா குடிப்பா” என்று ரெனால்ட் பதில் சொன்னான். ஃபீபி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பதினோராம் நாள் அவள் உடலைத்தான் வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

“ஆஸ்பத்திரி ஞாபகம் பாவம் கொழந்த மனசுல நின்னுடுச்சி. அந்தப் பேச்சே எடுக்காதீங்க தம்பி, மறந்துடும்” என்று ஹெலன் சொல்லியிருந்தாள். அவனும் அப்படியே செய்தான். கெசியா டோக்கன் என்று வாயைத் திறந்தால் பிஸ்கட்டைக் கொடுத்தான், பைக்கில் உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றினான். ஒருதரம் பைக் டேங்கின் மேலேயே போய்விட்டாள்.

புதன்கிழமை ஆயிற்று, வியாழக்கிழமை ஆயிற்று. துவைத்துப் போட்ட ஜட்டிகள் கொடியில் இடம் போதாமல் ஜன்னல் கம்பி வரைக்கும் வந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழந்தையை வாங்கப் போனபோது தவ்ஃபீக்கின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். சொல்லவந்ததைச் சொல்ல முடியாமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

“தம்பி, தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கி ஜானமாஸ் மேலயே போய்டுச்சி. நாங்க நமாஸ் பண்ற பாயி. கொழந்தைக்கு இன்னா தெரியும், நான் அலசிப் போட்டுட்டேன். ஆனா தெனம் தெனம் ஜாஸ்தியா ஆவுது. சுத்தம் இல்லாத எடத்துல தொழுவ முடியாது. கொஞ்சம் பழகிட்டு வரட்டும், அப்புறம் எத்தினி நாளு வேணாலும் நான் பாத்துக்கறேன்.”

“உங்க மேல தப்பே இல்லக்கா” என்றான். உண்மையும் அதுதான். அவள் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்குள் வந்து குழந்தையை இறக்கிவிட்டான். இறக்கிவிட்டதுதான் தாமதம், பாத்ரூம் கதவுக்கு ஓடிப்போய் நின்று, கையை நீட்டி, “டோக்கன்” என்றாள். அவன் அவளை இழுத்து அந்த நீல சீட்டில் உட்காரவைத்தான். எழுந்துவிட்டாள். மறுபடி உட்காரவைத்தான். மறுபடி எழுந்து கதவுக்கே போனாள். போய், அங்கேயே, அவன் கண்முன்னால், சிமெண்ட் தரையில் விட்டுவிட்டாள்.

ரெனால்ட் அடித்துவிட்டான். தொடையில் ஒன்றே ஒன்று. சத்தம் கேட்டபிறகுதான் தன் கை என்று அவனுக்கு உறைத்தது. கெசியா உடனே அழவில்லை. ஏன் அடித்தாய் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள், பிறகு உதடு பிதுங்கியது. அவன் ஈரத்திலேயே உட்கார்ந்து அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, “அப்பா தப்பு, அப்பா தப்பு” என்று முதுகைத் தடவினான். அப்போது அந்த ஆணி அவன் தோளில் கீறியது. கதவு நிலையில், ஒன்றரை முழ உயரத்தில், யாருக்கும் உதவாத இடத்தில் ஒரு ஆணி. இதற்கு முன்பே அவன் தொடையில் இரண்டு தரம் கிழித்திருக்கிறது. இந்த எழவை முதலில் பிடுங்கிப் போட வேண்டும் என்று நினைத்தான், சுத்தியல் எங்கே என்று தெரியாததால் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தான். சாயங்காலம் ஒரு பையை எடுத்து, கெசியாவின் கவுன்களை மடித்து வைக்க ஆரம்பித்தான். தோற்றுப்போய்விட்டோம் என்று ஒப்புக்கொண்டாயிற்று. ஹெலன் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வாள், தன்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வாள், அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது. மாதம் ஒருதரம் ரயிலேறிப் போனால், இந்தக் குழந்தை தன்னை யார் என்று கேட்க எத்தனை மாதம் ஆகும்?

அப்போதுதான் நிஷா வந்தாள். ஃபீபியோடு ஒரே லைனில் பக்கத்து மெஷினில் தைத்தவள். யூனிஃபார்மோடு வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை.

“ஃபீபி அக்கா லாக்கர்ல இருந்ததுண்ணா. வேற ஆளுக்கு லாக்கர் குடுக்கறாங்க, அதான் எடுத்துனு வந்தேன்.”

ஒரு ஏப்ரன், சீப்பு, ஊக்கு, டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. கடைசி நாள் வீட்டிலிருந்து ரொப்பிக்கொண்டு போனது, மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. ரெனால்ட் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

கெசியா உள்ளேயிருந்து வந்தாள். நிஷாவை அடையாளம் தெரிந்ததோ என்னவோ, அவளுடைய யூனிஃபார்மை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கிட்டே போய் உள்ளங்கையை விரித்து, “டோக்கன்” என்றாள்.

“அட, மூச்சா வருதாடி தங்கம்?” என்றாள் நிஷா.

ரெனால்ட்டுக்குப் புரியவில்லை. “இன்னா சொன்ன?”

“மூச்சாக்குக் கேக்குதுண்ணா. டோக்கன் குடுங்க அதுக்கு.”

“இன்னா டோக்கன்? அது ஆஸ்பத்திரி…”

நிஷா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதா? அக்கா சொல்லவே இல்லையா?”

அவள் நின்றபடியே சொன்னாள். “எங்க லைன்ல முப்பது பேருண்ணா. பாத்ரூமுக்கு டோக்கன் ரெண்டே ரெண்டு. சூப்பர்வைசர் டேபிள் பக்கத்துல ஆணியில தொங்கும். அத எடுத்துனு போனாதான் போவலாம். ஆணி காலியா இருந்தா, போனவங்க திரும்பி வர்ற வரைக்கும் அடக்கினு தெச்சினு இருக்கணும். அதனாலயே பாதிப்பேரு தண்ணியே குடிக்கறதில்ல. டோக்கன் போறேன்னுதான் நாங்க பேசிக்கிறதே.”

ரெனால்ட் பாட்டிலைப் பார்த்தான்.

“பாப்பா டயபர்ல போவுதேன்னு அக்காக்கு ஒரே கவல. அப்புறம் அதே மாதிரி ஒரு டோக்கன் வெட்டி வீட்ல மாட்டுனாங்க. வெளாட்டு மாதிரி. பாப்பா எடுத்துனு உள்ள போனா அக்கா வெளிய நிப்பாங்க. அக்கா எடுத்துனு போனா பாப்பா வெளிய நிக்கும். ஆணி காலின்னா ஆளு போயிருக்கு, வந்துடும், காத்துனு இருக்கணும். டோக்கன் ஆணிக்கு வந்துடுச்சின்னா ஆளும் வந்தாச்சி. பத்தே நாள்ல கத்துக்கிச்சின்னு லைன் பூரா சொல்லி சிரிச்சாங்க. செவப்புத் தோலுல வட்டமா இருக்கும் பாருங்க. இங்கதான் எங்கயாவது இருக்கும்.”

எங்கேயும் இல்லை. அவன் பேண்ட் பின்பாக்கெட்டில் இருந்தது. ஃபீபியைக் கொண்டுவருவதற்கு முன் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆணியில் பிஸ்கட் அளவில் ஒரு சிவப்புத் தோல் வட்டம் தொங்குவதைப் பார்த்தான். விளிம்பெல்லாம் அவள் கையால் தைத்தது. என்ன சாமான் என்று தெரியவில்லை. அவள் தைத்தது என்பது போதுமாக இருந்தது. எடுத்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டான். இரண்டு மாதமாக அதன்மேலேயே உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறான்.

ஃபீபி சொல்லாமல் விட்டாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எப்போது சொல்வாள்? அப்போது அவனுக்கு மதியம் இரண்டு மணி ஷிஃப்ட். அவன் இரவு வரும்போது குழந்தை தூங்கியிருக்கும். தூங்குவதற்குப் போட்டிருந்த டயபரைத்தான் அவன் பார்த்திருக்கிறான், ஃபீபி போனபிறகு பகலிலும் அதையே போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டால் தோஸ்துகளோடு கேரம். பதினைந்து வருஷமாகத் தோல் வேலை பார்க்கிறான். அவசரமென்றால் மெஷினை நிறுத்திவிட்டுக் காம்பவுண்டு சுவர் ஓரமாகப் போய் வருவான். எவனும் அவனை எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை. டாக்டர் கேட்டதற்கு அவளை முந்திக்கொண்டு பதில் சொன்னானே, அதை நினைத்தபோது தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

பர்ஸைத் திறந்து டோக்கனை எடுத்தான். கெசியாவின் கண் அகன்றது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். கவுனைத் தானே தூக்கிக்கொண்டு, மூலையில் தண்ணீர் போகும் துளைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். சத்தம் கேட்டது. வெளியே இரண்டு பெரியவர்கள் மூச்சுக் காட்டாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“பாத்தீங்களா, கெட்டிக்காரி” என்றாள் நிஷா.

அவன் அப்போதே ஹெலனுக்குப் போன் போட்டான். “அக்கா, கத்துக்கிச்சி. இல்லக்கா, அதுக்கு முன்னாடியே தெரியும். நான்தான் முட்டாளு.” அழுகையும் சிரிப்புமாக அவன் உளறியது ஹெலனுக்கு என்ன புரிந்ததோ, “எதுக்கும் வந்து பாக்கறேன் தம்பி” என்று வைத்தாள். நிஷாவும் கிளம்பிப் போனாள். மடித்து வைத்த கவுன்களை அவன் பையிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தான். தப்பித்தோம் என்று இருந்தது. இரண்டு மாதத்தில் முதல்தடவையாக நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது.

திரும்பிப் பார்த்தபோது கெசியா டோக்கனை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோள் உயரத்துக்குச் சரியாக இருந்தது ஆணி. மாட்டிவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து நின்று பார்த்தாள். சந்தோஷமாகத்தான் பார்த்தாள்.

பிறகு பாத்ரூம் கதவை முழுசாகத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். வாளிக்குப் பின்னால் பார்த்தாள். சமையல்கட்டுக்குப் போய் மேடைக்குக் கீழே குனிந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில், ஃபீபி ஒளிந்துகொண்டு விளையாடும் சந்தில், தலையை விட்டுப் பார்த்தாள்.

“கெசியா, இன்னாம்மா தேடுற?”

“அம்மா” என்றாள். ஆணியைக் காட்டினாள். “டோக்கன் வந்துச்சி.”

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். இத்தனை நாளும் இந்தக் குழந்தை அம்மாவுக்காக அழவில்லை என்று ஊரே அதிசயப்பட்டது. சின்னதுதானே, மறந்துவிட்டது என்றார்கள். அவள் எதையும் மறக்கவில்லை. ஆணி காலியாக இருந்தது, அதனால் அம்மா டோக்கனோடு போயிருக்கிறாள். வந்துவிடுவாள், அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அவள் அம்மா சொல்லிக்கொடுத்தபடி சமர்த்தாகக் காத்துக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் நேற்று அவன் அடித்தான்.

கெசியா வீட்டை இரண்டாவது தடவையும் சுற்றித் தேடினாள். வாசல் வரை போய் வந்தாள். பிறகு ஆணியிடம் போய், டோக்கனைக் கழற்றி எடுத்து, அவனிடம் கொண்டுவந்தாள். அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. அவளுக்குத் திருப்தி. பழையபடி கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ரெனால்ட் மூடின கையோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பர்ஸில் திரும்ப வைத்துவிடலாம். வைத்தால் அவளுக்கு அம்மா இருப்பாள். நாளைக்குக் காலையில் நனைந்த ஜட்டியோடு அவள் அரக்கோணம் போவாள். மாட்டினால் பெண் அவனோடு இருப்பாள், அம்மா இருக்கமாட்டாள். இப்படி ஒரு நிலைமை எந்த அப்பனுக்கும் வரக்கூடாது.

எழுந்து போய், குழந்தைக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவள் பார்க்கும்படியாக டோக்கனை ஆணியில் மாட்டினான்.

“அம்மா செத்துப் போச்சிடி கண்ணு” என்றான். இந்த வார்த்தையை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தடவை. “அம்மா இனிமே வராது. டோக்கன் ஒனக்குத்தான்.”

அவள் அதைக் கழற்றப் போனாள். அவன் ஆணியின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள், கிள்ளினாள், கடித்தாள். பிறகு அழுதாள். இரண்டு மாத அழுகை. தவ்ஃபீக்கின் அம்மா ஓடிவந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். அழுது அழுது விக்கல் வந்து, கடைசியில் அவன் மடியிலேயே கெசியா தூங்கிப்போனாள். மடி நனையவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஹெலன் வந்து சேர்ந்தாள். வந்தவளுக்கு அவன் காபி போட்டுக்கொண்டிருந்தான். கெசியா எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஆணியிலிருந்து டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போய்விட்டு வந்து, கவுனை இறக்கிவிட்டுக்கொண்டு, டோக்கனைத் திரும்ப மாட்டினாள்.

“என் ராசாத்தி, எவ்ளோ சமத்து பாருங்க தம்பி” என்று ஹெலன் கைதட்டினாள். “இனிமே எனக்கு ஒரு கவலயும் இல்ல. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ரெனால்ட் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். டோக்கனை மாட்டினவள் திரும்பி நேரே அவனிடம் நடந்து வந்தாள். கதவையும் திறந்து பார்க்கவில்லை, பீரோ சந்திலும் எட்டிப் பார்க்கவில்லை.